ஒழுகிய வீட்டின் முகவரி

பழைய அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தால் அதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். யாராவது காலமாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கேயாவது மொட்டைமாடி ஒழுகியிருக்க வேண்டும். போன வாரம் அங்கே இப்போது வேலை பார்க்கிற பிரியா கூப்பிட்டபோது முதலாவதாகத்தான் இருக்கும் என்று நினைத்து முகத்தைத் தயார் செய்துகொண்டேன். போனில் முகம் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

“சார், அடையாறு குவார்ட்டர்ஸ் மாடி ஒழுகுது. இப்போ போர்ட்டல்ல கான்ட்ராக்டருக்கெல்லாம் ஸ்டார் குடுத்திருக்காங்க. நாலரை ஸ்டார் ஒருத்தர், நாலு ஸ்டார் ஒருத்தர். நேர்ல போய்ப் பார்க்கிறதெல்லாம் இனிமே வேணாமாம். நீங்க இருந்தப்போ எப்படி சார் ஆளை எடுப்பீங்க?”

“நாங்க இருந்தப்போ ஜாதகத்துலதான்மா நட்சத்திரம் பார்ப்போம்” என்றேன்.

அவள் மரியாதைக்குச் சிரித்தாள். பிறகு நான் விளக்க ஆரம்பித்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைகிற வரைக்கும் விளக்கினேன் என்று என் மனைவி சொல்கிறாள். பிரியா எந்த இடத்தில் போனை வைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. எனவே மிச்சத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் நான் மேற்பார்வையாளனாக இருந்தேன். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று மூன்று இடங்களில் எங்களுக்கு ஊழியர் குடியிருப்புகள் இருந்தன. மூன்றும் போட்டி போட்டுக்கொண்டு ஒழுகின. டிப்ளமோ முடித்துவிட்டு வந்த முதல் சில வருடங்களில் நான் கற்றது இவ்வளவுதான்: சிமென்ட் மூட்டை மேல் உட்காரக் கூடாது, ஏணி மேல் நின்று பேசக் கூடாது, குடியிருப்பவர் கொடுக்கும் காபியை மறுக்கக் கூடாது. மீதியைக் கோதண்டபாணி சாரிடம்தான் கற்றேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து புத்தகங்களாகப் படித்துத் தள்ளுகிற இந்த வயதில், படித்த எதுவும் அவர் சொன்னதைப் போல மனதில் ஒட்டவில்லை. அவர் அதிகம் பேசாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

கோதண்டபாணி சார் எங்கள் உதவி செயற்பொறியாளர். கனத்த உடம்பு, சஃபாரி சூட், எப்போதும் கையில் ஒரு தோல்பை. ஒழுகுகிறது என்று புகார் வந்த வீட்டுக்குள் போனால் செருப்பை வாசலில் விடுவார், கைகால் கழுவுவார், பிறகு தோல்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தரையில் படுத்துவிடுவார். முதல் தடவை அதைப் பார்த்தபோது அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கேட்டு ஓடினேன்.

“ஒண்ணும் ஆகலைய்யா, நீயும் படு” என்றார். “நின்னுக்கிட்டுப் பார்த்தா கறைதான் தெரியும். இந்த வீட்டுக்காரங்க ராத்திரி பூரா எதைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்காங்கன்னு தெரியணும்னா படுத்துத்தான் பார்க்கணும்.”

படுத்தேன். உண்மைதான். நின்றால் கூரையில் ஒரு பழுப்பு வட்டம். படுத்தால் அது நம் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. மின்விசிறியிலிருந்து எவ்வளவு தூரம், எந்தச் சுவரிலிருந்து கிளம்பி வருகிறது, சுண்ணாம்பு எங்கே உப்பியிருக்கிறது எல்லாம் தெரிகிறது. அரசாங்கச் சம்பளத்தில் மத்தியான வேளையில் படுத்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமில்லை என்றாலும், அதை அதிகாரபூர்வமாகச் செய்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு ஒரே ஒரு கேள்வி. கான்ட்ராக்டர் வந்து எதிரே உட்கார்ந்ததும், அவர் கொண்டுவந்த புகைப்படங்களையெல்லாம் பொறுமையாகப் பார்ப்பார். மூடி வைப்பார். பிறகு கேட்பார்.

“உங்க வேலை ஒழுகின வீடு ஒண்ணு சொல்லுங்க.”

பெரும்பாலானவர்கள் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும். “நாங்க செஞ்சது ஒழுகினதே கிடையாது சார்” என்று மார் தட்டுவார்கள். அவர்களுக்கு மிக மரியாதையாகக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். “இந்த ஊர்ல ஐப்பசி, கார்த்திகை தாண்டி ஒழுகாத மாடி போட்டவன் இன்னும் பொறக்கலைய்யா. ஒழுகினப்புறம் போன் எடுத்தவன் யாருன்னு பார்த்தாப் போதும்” என்பார்.

எங்களுக்கு வாய்த்த கஷ்டமான வேலை தி.நகர் குடியிருப்பின் மேல்மாடி வீடு. கணக்குப் பிரிவில் வேலை பார்த்த வரதராஜன் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். வலது பக்கம் அசைவில்லை, பேச்சும் இல்லை. மனைவி பத்மா மாமிதான் எல்லாம். படுக்கையறையில் அவர் கட்டிலுக்கு நேர் மேலே சொட்டியது. மாமி கட்டிலை ஒவ்வொரு மூலையாகத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கூடத்துக்கே கொண்டுவந்திருந்தார். வாசலில் நுழைந்தால் கட்டில் காலில்தான் இடித்துக்கொள்ள வேண்டும்.

கோதண்டபாணி சார் வழக்கம்போலப் படுக்கையறைத் தரையில் படுத்தார். மாமி ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. ஒரு தலையணை கொண்டுவந்து கொடுத்தார்.

“நீங்க வேற வீடு தரேன்னு சொல்லாதேங்கோ” என்றார் மாமி, நாங்கள் ஒன்றும் சொல்லாதபோதே. “ஆபீஸ்ல சொல்லிண்டிருக்கா, எனக்குத் தெரியும். ஊருக்கு வெளில எங்கேயோ காலியா இருக்காம். பிசியோதெரபி பண்ற பொண்ணு பக்கத்துத் தெரு. தினம் நடந்தே வந்துட்டுப் போறா. நேத்திக்குத்தான் இவர் கை ஸ்பூனைப் பிடிச்சுது. அங்கே போனா யார் வருவா? பிடிச்ச கை விட்டுடும்.”

ஸ்பூன் கூடத்தில் கட்டில் பக்கத்து மேசையில் இருந்தது. வரதராஜன் திறந்த கதவு வழியாக எங்களைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தார். கோதண்டபாணி சார் படுத்தபடியே, “மழைக்கு முன்னாடி முடிச்சுடலாம்மா. எங்கேயும் போக வேணாம்” என்றார். அவர் வாக்குக் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கீழே இறங்கும்போது, “சொல்லிட்டேன் போலிருக்கேய்யா” என்று என்னையே கேட்டார்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெரிய நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி. மடிக்கணினியைத் திறந்து, மாடியில் நீலமாக ஒரு படலம் விரிந்து மழைத்துளிகள் அதன்மேல் முத்து முத்தாக உருள்கிற படம் ஒன்றைக் காட்டினார். எனக்கே அந்தக் கூரையின்மேல் குடியேறலாம் போலிருந்தது. சார் தன் கேள்வியைக் கேட்டார்.

“எங்களுக்கு ஜீரோ கம்ப்ளைன்ட் சார்” என்றார் அந்தப் பிள்ளை.

காபி வந்தது.

அடுத்தவர் சூசை. பட்டினப்பாக்கத்துக்காரர். அப்பா, அண்ணன், தம்பி எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளாமல் கட்டட வேலைக்கு வந்ததாகச் சொல்வார். “தண்ணி மேல போறவன் வூட்ல தண்ணியத் தடுக்கிறவன் ஒருத்தன் வோணும்ல சார்.” வெள்ளைச் சட்டை, தங்க நிறக் கடிகாரம், உரத்த குரல். அடக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாத மனிதர். தென்சென்னையில் தன் கைபடாத மாடியே இல்லை என்று ஆரம்பித்தார்.

“உங்க வேலை ஒழுகின வீடு ஒண்ணு சொல்லுங்க.”

“ஒண்ணு இன்னா சார், எத்தினி வோணும்?” என்றார் சூசை. “கொட்டிவாக்கத்துல ஒரு வூடு கீது. இன்னிக்கும் ஒழுகிகினுதான் கீது. அட்ரஸ் குடுக்கறேன். ஆனா ஒண்ணு சார், அந்தம்மாக்கு வாய் ஜாஸ்தி. காதுல பஞ்சு வெச்சிகினு போ.”

போனோம். கடற்கரையை ஒட்டிய தெரு. உப்புக்காற்றில் கேட்டின் கம்பிகள் எல்லாம் பொரிந்து போயிருந்தன. கதவைத் திறந்த அம்மாள் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. கழுத்தில் இன்னும் விசில் தொங்காததுதான் குறை. சூசை என்ற பெயரைச் சொன்னோம்.

“அந்த ஆளு அனுப்பினானா? என்ன தைரியம்! உக்காருங்க, சொல்றேன். வாயைத் தொறந்தா பொய்யி. ‘இன்னியோட சரிம்மா, இனிமே ஒரு சொட்டு வராது’ம்பான். அடுத்த மழைக்கு மறுபடி அதே எடம். போன் போட்டுத் திட்டுவேன். கொஞ்ச நேரத்துல சொட்டச் சொட்ட நனைஞ்சுக்கிட்டு வந்து நிப்பான். வந்து தரையெல்லாம் சேறாக்கிட்டுப் போவான். போன வருசம் அவன் மச்சான் கல்யாணத்தன்னிக்கும் வந்தான், பட்டு வேட்டியோட. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மேல ஏறுறான்! மானங்கெட்டவன்.”

அவர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினார். கோதண்டபாணி சார் மெதுவாகக் கேட்டார்: “இவ்வளவு தொந்தரவுன்னா வேற ஆளைப் பார்த்திருக்கலாமேம்மா?”

“வேற ஆளா?” அம்மாள் அவரை ஒரு மக்கு மாணவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “வேற ஆளை நான் இப்படித் திட்டினா வருவானா?”

பிறகு கொஞ்சம் தணிந்து, “கம்பியெல்லாம் துரு ஏறிடிச்சாம். கூரையையே இடிச்சுப் போடணும்னு முதல் நாளே சொன்னான். நான்தான் முடியாதுன்னுட்டேன். அதுக்காகத் திட்டாம விட முடியுமா?” என்றார்.

வெளியே வந்ததும் சார், “இவரைப் போட்டுடு” என்றார். அவ்வளவுதான் எங்கள் போர்ட்டல்.

சூசை வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய ஓடுகளைப் பெயர்த்து எடுத்ததும், தளத்தைப் பெருக்கிக் கழுவி, விரிசல்களைக் கீறிப் பெரிதாக்கி அடைத்தார். ரசாயனப் பூச்சைத் தளத்தோடு நிறுத்தாமல் கைப்பிடிச் சுவர் மேலும் ஏற்றிப் பூசினார். தளமும் சுவரும் சேர்கிற இடத்தில் நேர் மூலையே இல்லாமல், கலவையை உருட்டி உருட்டி வளைவாகக் கொடுத்தார். தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கிற சரிவை வாட்டம் என்பார்கள். வாட்டம் சரியா என்று பார்க்க ரசமட்டம் வைத்தது போதாதென்று, ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு அதன் பின்னாலேயே நடப்பார். அது எங்கேயாவது தயங்கி நின்றால் தன் ஆட்களைப் பார்த்துக் கத்துவார்: “நைனா, இங்க தண்ணிக்கு வழி தெரியல பாரு, கையப் புடிச்சு இட்டுகினு போ!”

ஓடு பதித்து, இணைப்புகளை அடைத்து, காயவிட்டு, கடைசியில் சோதனை. வடிகால் வாயை நனைத்த கோணிச் சாக்காலும் களிமண்ணாலும் அடைத்துவிட்டு மாடி முழுவதும் தண்ணீர் நிறுத்தினோம். நான்கு விரல் உயரம் நின்றது. தண்ணீர் எட்டிய மட்டத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். சார் தன் தோல்பையிலிருந்து ஒரு சிறிய பாட்டிலை எடுத்தார். துணிக்குப் போடுகிற சொட்டு நீலம். அதைத் தண்ணீரில் கலந்தார். கீழே எங்காவது துளி வந்தால், நீலமாக வந்தால் மாடித் தண்ணீர், வெள்ளையாக வந்தால் வேறு குழாய்த் தண்ணீர். தகராறே கிடையாது. மறுநாள் வரைக்கும் மாடி ஒரு நீச்சல்குளம்போல மின்னியது. பக்கத்து அடுக்குமாடியிலிருந்து குழந்தைகள் பொறாமையோடு எட்டிப் பார்த்தன. கீழே சார் படுக்கையறைத் தரையில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு துளி இல்லை.

கட்டில் படுக்கையறைக்குத் திரும்பியது. மாமி எங்கள் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார். சூசை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “மா, இனிமே சமுத்திரமே வந்து மேல குந்திகினாலும் கீழ ஒரு சொட்டு வராது” என்று சத்தியம் செய்தார்.

ஐப்பசி அடைமழை வந்தது. ஒரு பகலும் இரவும் விடாமல் கொட்டியது. மறுநாள் காலை மாமி போன் செய்தார்.

“ஃபேன் கொக்கி வழியாச் சொட்டறது. அவர் முகத்துலயே விழுந்துடுத்து. சொல்லத் தெரியாம முழிச்சிண்டே இருந்திருக்கார்.”

தலைமை அலுவலகத்துக்குச் செய்தி எங்களுக்கு முன்பே போய்விட்டது. விதி தெளிவாக இருந்தது. முதல் பருவமழையிலேயே ஒழுகினால் ஒப்பந்தக்காரர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார். வேலை வேறு நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் தளத்தை முழுதாக உடைத்துச் செய்வார்கள். அதற்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஊருக்கு வெளியே இருந்த அந்த வீட்டின் சாவியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

நானும் சாரும் போய்ச் சேர்ந்தபோது சூசை ஏற்கெனவே மாடியில் இருந்தார், தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு. மாடியில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் தண்ணீர் நின்றது. சோதனையின்போது நின்றதைவிட மிக அதிகம். பழைய காலத்தில் மின்கம்பி போவதற்காகச் சுவரோரம் விட்டிருந்த குழாய் ஒன்று இருந்தது. அதன் வாய்க்கு மேலே தண்ணீர் ஏறிவிட்டது. குழாய் வழியாக இறங்கி ஃபேன் கொக்கிக்குப் போயிருக்கிறது. தளம் ஒழுகவில்லை. தண்ணீர் வடியாததுதான் வினை.

சூசை மூலையில் குனிந்து வடிகாலுக்குள் கையை விட்டுத் துழாவினார். பிடுங்கி வெளியே எடுத்தார். கொழகொழவென்று ஒரு சோற்று உருண்டை. அதற்குள் எலும்புத் துண்டுகள், தேங்காய் நார், ஏதோ பூமாலையிலிருந்து வந்த ஜரிகை, ஒரு மருந்துப் பாட்டில் மூடி. மாடித் தண்ணீர் பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தத்தோடு இறங்க ஆரம்பித்தது.

எனக்கு அந்தச் சோற்றைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கணவர் படுத்த நாளிலிருந்து மாமி தினமும் காக்கைக்குச் சாதம் வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். சனீஸ்வரனின் பிடி விட வேண்டும் என்று. நெய் விட்டுப் பிசைந்து, எள் கலந்து, சூடாக. தெற்கு மூலைதான் சரி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெற்கு மூலையில்தான் வடிகால்.

“இது மாமி வெச்ச சாதம்” என்றேன், கண்டுபிடித்துவிட்ட பெருமையில் கொஞ்சம் சத்தமாகவே.

“யோவ் சார், மெதுவா!” சூசை படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். “அந்தம்மா காதுல வுழப்போவுது. புருசன் பொழைக்கணும்னு வெச்ச சோறு சார். அதான் அவர் மூஞ்சில சொட்டுச்சுன்னு தெரிஞ்சா அது தாங்குமா? வுடு. வாட்டம் சரியில்ல, சூசை வேலைல கோளாறுன்னு எழுதிக்க.”

“எழுதினா உன் பேரை எடுத்துடுவாங்கய்யா. இந்த ஆபீஸ்ல மட்டும் இல்ல, கேக்கிற இடத்துலயெல்லாம் சொல்லுவாங்க.”

“எடுத்தா எடுக்கட்டும். எத்தினி பேரு எடுத்தான்.” ஆனால் சொன்ன வேகத்துக்கு முகம் அப்படி இல்லை. சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார்.

எப்படி எழுதினாலும் மாட்டிக்கொள்வோம் என்பதுதான் சிக்கல். சூசையின் தவறு என்று எழுதினால் தளத்தை உடைப்பார்கள். மாமி காலி செய்ய வேண்டும். மாமியின் தவறு என்று எழுதினால், பொது இடத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக வரதராஜனுக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். ஸ்பூன் பிடிக்கிற கையில் பேனாவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார்கள்; அதற்கும் காலி செய்ய வேண்டியதுதான். நான் இரண்டு விதமாகவும் மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். எனக்குத் தமிழில் நல்ல நடை உண்டு என்று ஒரு நினைப்பு. அந்த நடை எங்கேயும் போய்ச் சேரவில்லை.

கோதண்டபாணி சார் கைப்பிடிச் சுவர் மேல் உட்கார்ந்து, நனைந்த தாளில் தானே எழுதினார். எனக்கு அது இன்னும் வரிக்கு வரி நினைவிருக்கிறது.

“ஒழுகலுக்குக் காரணம்: வடிகாலில் அடைப்பு. அடைப்புக்குக் காரணம்: காகங்கள். தளத்தில் குறை காணப்படவில்லை. குடியிருப்பவரிடமும் குறை காணப்படவில்லை. காகங்கள் மீது நடவடிக்கை எடுக்க நமது விதிகளில் இடம் இல்லை.”

“சார், சாதம்?” என்றேன்.

“மாமி குழாய்க்குள்ளயா வெச்சாங்க? மூலையில வெச்சாங்க. உள்ள இழுத்துப் போட்டது யாரு? எலும்பைக் கொண்டாந்தது யாரு? எழுதினதுல பொய் எங்கய்யா இருக்கு?”

இல்லைதான்.

தலைமை அலுவலகம் அசரவில்லை. காகங்கள் மீண்டும் அடைக்காமல் இருக்க என்ன ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது என்று கேட்டார்கள். ஏற்பாடு திருப்திகரமாக இருந்தால் மட்டுமே இந்த விவகாரம் முடிக்கப்படும். சாவி அதுவரை அவர்களிடம் இருக்கும். நான் பதில் எழுதினேன்: வடிகாலுக்குக் கம்பிவலைக் கூண்டு போடப்பட்டது, பழைய மின்குழாய் அடைக்கப்பட்டது, காகங்களுக்கு மாற்று இடம் ஒதுக்கப்பட்டது. ஊழியர்களுக்கு ஒதுக்கீடு கேட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த அலுவலகத்தில், விண்ணப்பிக்காமலே ஒதுக்கீடு பெற்றவை காகங்கள்தான்.

மாற்று இடத்தைச் சூசைதான் கட்டினார். வடிகாலுக்கு எதிர் மூலையில், இடுப்பு உயரத்துக்கு ஒரு சிறிய தூண், மேலே வழவழவென்று பூசிய ஒரு மேடை. மாமியிடம் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று நானும் சாரும் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் சொல்லிவிட்டார்.

“மா, அந்த மூலைல மருந்து அடிச்சிருக்கேன். காக்கா வந்து தின்னுச்சுன்னா அதுக்கு ஆவாது. இன்னிலேர்ந்து இங்க வையி. காக்காக்குன்னே தனியாக் கட்னது. மெட்ராஸ்ல எந்தக் காக்காக்கும் இந்த மாரி வூடு கெடையாது.”

“ஐயையோ, காக்காய்க்கு ஆகாதா? சொன்னியே, நீ நன்னா இருப்பே” என்று மாமி அன்றே மாற்றிவிட்டார்.

மாமி மாறினார். காகங்கள் மாறவில்லை.

புதிதாக எழுந்த அந்தத் தூணை அவை சந்தேகத்தோடு பார்த்தன. தண்ணீர்த் தொட்டி மேல் வரிசையாக உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும், கிட்டே வராது. மாமி தொண்டை வறளக் கூப்பிடுவார். சாதம் வெயிலில் காய்ந்து பருக்கை பருக்கையாக விறைத்துக்கொள்ளும். அந்த வாரம் நான் போனபோது மாமியின் முகத்தில் ரத்தமே இல்லை.

“நாலு நாளாத் தொடலை. இவர் கையும் நேத்திலேர்ந்து ஸ்பூனைக் கீழே போடறது. பித்ருக்களுக்குக் கோபம்போல இருக்கு. நாளைக்கும் வரலைன்னா நான் பழைய மூலைலயே வெச்சுடறேன். மருந்தாவது மண்ணாவது.”

பிசியோதெரபி பெண், சளி பிடித்திருப்பதால் அப்படி, சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தாள். மாமி அதைக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. பழைய மூலைக்குப் போனால் மறுபடியும் வடிகால், மறுபடியும் தண்ணீர், இந்தத் தடவை சாவி நேராக மாமியின் கைக்கு வரும். சூசைக்குப் போன் செய்து சொன்னேன். “காலைல வா சார், பாத்துக்கலாம்” என்றார்.

மறுநாள் நான் போனபோது சூசை ஏற்கெனவே மாடியில் நின்றிருந்தார். சட்டைக்குள்ளிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வாசனை முதலில் வந்தது. விஷயம் பிறகு புரிந்தது. நெத்திலிக் கருவாடு.

“யோவ் சூசை! இது மாமி சாதம் வைக்கிற இடம்யா!”

“தெரியும் சார். அவங்க வர்றதுக்குள்ள கழுவி வுட்ருவேன். காக்கா இன்னா, இது ஐயமாரு வூடா ஃபாதரு வூடான்னு கேட்டுகினா வருது? இந்த எடத்துல ஆபத்தில்லன்னு அதுக்குத் தெரியணும். ஒருவாட்டி எறங்கிட்டா போதும். அப்பறம் நெய்ச்சோறும் துன்னும், எல்லாம் துன்னும்.”

மேடையில் கருவாட்டைப் பரப்பிவிட்டு நாங்கள் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். ஐம்பதைத் தொடப் போகிற நான், காகங்களுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒன்று இறங்கியது. ஒன்றைக் கவ்விக்கொண்டு பறந்துபோய் ஊரெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தி.நகர் காகங்கள் முழுவதும் எங்கள் மாடியில் இருந்தன. மேடை துடைத்ததுபோல ஆனது. சூசை ஓடிப்போய் வாளித் தண்ணீரை ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, தன் கர்ச்சீப்பாலேயே துடைத்தும் விட்டார்.

படிக்கட்டில் மாமியின் காலடி கேட்டது. கையில் தட்டு, அதில் நெய்ச்சாதம், எள். மேடையில் வைத்துவிட்டு, நம்பிக்கையில்லாத குரலில், “கா… கா…” என்றார்.

தொட்டி மேலிருந்து ஒரு காகம் உடனே இறங்கியது. இன்னொன்று. பிறகு ஒரு கும்பல். நெய்ச்சாதம் சிதறியது. மாமி இரண்டு கைகளையும் கூப்பினார். கூப்பியபடியே படிக்கட்டு வாசலுக்கு ஓடினார்.

“ஏன்னா! வந்துடுத்து! எல்லாரும் வந்துட்டா!” என்று கீழே கூவினார். கீழேயிருந்து உலோகத்தின்மேல் உலோகம் தட்டுகிற சத்தம் வந்தது. ஸ்பூனால் கட்டில் கம்பியைத் தட்டுகிற சத்தம். மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி மேடைக்கருகே வந்தவர் நின்றார். மூக்கைச் சுருக்கினார்.

“ஏதோ ஒரு மாதிரி வாசனை வரதே, சூசை?”

“புது சிமென்ட்டும்மா” என்றார் சூசை, கர்ச்சீப்பைப் பாக்கெட்டில் திணித்தபடி. “ஆரம்பத்துல அப்பிடித்தான் இருக்கும்.”

மாமி என்னைப் பார்த்தார். நான்தானே அலுவலகத்திலிருந்து வந்தவன். என் உத்தியோக காலம் முழுவதும், ஒரு ஒப்பந்தக்காரர் சொன்னதை நேரில் சோதித்துப் பார்க்காமல் நான் ஒப்புக்கொண்டதே கிடையாது.

“ஆமாம் மாமி” என்றேன். “வெயில்ல காஞ்சா போயிடும்.”